கன்னிமூலையில் வெட்டிய குழி

2024ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு புதன்கிழமை, வளர்பிறை முகூர்த்த நாள். அன்று காலை, பல்லடம் சாலையில் எழவிருந்த பனியன் கம்பெனிக் கட்டடத்தின் தென்மேற்கு மூலையில், சரக்கு லிஃப்டுக்கான குழியைப் பொக்லைன் வெட்டியது. கன்னிமூலையில் குழி ஆகாது, வடமேற்குக்கு மாற்றுங்கள் என்று முதலாளி அங்கமுத்து முந்தைய நாளே சொல்லியிருந்தார். அவர் சொன்ன இடம் திருப்பூரில் இருந்த கட்டட வடிவமைப்பு அலுவலகம். வரைபடம் இருந்த இடமோ மடத்துக்குளம், அங்கே வீட்டிலிருந்து வரையும் தேவிப்பிரியாவின் மடிக்கணினி.

ஓராண்டாக அந்த அலுவலகத்தில் அப்படித்தான் வேலை நடந்தது. திங்களும் வியாழனும் எல்லோரும் நேரில் வர வேண்டும்; மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே வரையலாம். இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவள் தேவிப்பிரியா. அவள் கணவர் பிரபாகருக்கு விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவள் அலுவலகம் போகும் இரண்டு நாளும் பக்கத்து வீட்டு மருதாள் பார்த்துக்கொண்டாள். அதற்குமேல் மருதாளாலும் இயலாது. அவளுக்கும் தோட்டவேலை இருந்தது.

புதன்கிழமை காலையில் கட்டட மேற்பார்வையாளர் தொலைபேசியில் வரைபடம் கேட்டார். வெள்ளிக்கிழமை வெட்ட வேண்டிய குழியை முகூர்த்தத்துக்காக முன்னால் தள்ளியிருந்தார்கள். தேவிப்பிரியா தன்னிடம் இருந்ததை அனுப்பினாள். அனுப்பிவிட்டு, பிரபாகருக்குக் கஞ்சி ஊட்டப் போனாள்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்தபோதுதான் சுவரில் குத்தியிருந்த தாளைப் பார்த்தாள். வடமேற்கு மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம். தென்மேற்கில் இருந்தது குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது.

"எங்கிட்டச் சொல்லலியே மைதிலி?"

உடன் வரைபவளான மைதிலி செவ்வாயன்று அலுவலகம் வந்திருந்தாள்; தாளில் குறித்தவள் அவள்தான். "போனைக் கையில எடுத்துட்டனுங்க்கா. அண்ணன் அப்பத்தான் கண்ணு மூடியிருப்பாரு, நீங்களும் செத்த நேரம் சாஞ்சிருப்பீங்கன்னு வெச்சுட்டேன். வியாழக்கெழம எப்படியும் வருவீங்களே, பாத்துக்குவீங்கன்னு..."

"எனக்குப் பாவம் பார்த்தியா?"

"நான் மட்டும் இல்லீங்க்கா. ஊட்டு நாளுல உங்களைக் கூப்பிடக் கூடாதுன்னு நாங்க எல்லாருமே பேசி வெச்சிருந்தோமுங்க."

ஓராண்டாகத் தன் தொலைபேசி பகலில் ஏன் அமைதியாக இருந்தது என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. தன் வேலையில் குறையில்லாததால்தான் யாரும் கூப்பிடவில்லை என்று எண்ணியிருந்தாள். கோபம்கூட வரவில்லை. அன்பாகச் செய்ததை யாரிடம் சொல்லி அழுவது?

அங்கமுத்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அச்சமாக இருந்தது.

"மண்ணைப் போட்டு இன்னைக்கே மூடிடலாமுங்க. கட்டடத்துக்கு ஒரு சேதாரமும் இல்லீங்க" என்றாள் தேவிப்பிரியா.

"மூடீட்டா வெட்டுனது இல்லைன்னு ஆயிருங்களா, அம்மிணி? முகூர்த்தத்துல கன்னிமூலையில குழி. எங்கம்மா நேத்துல இருந்து சோறு திங்கலீங்க." அவர் அலுவலக உரிமையாளர் சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, எங்க கம்பெனில தையல்காரங்களை ஊட்டுல உக்காந்து தைங்கன்னு உட்டா, ஒரு பனியனுக்கு மூணு கை இருக்குமுங்க. எல்லாரும் இங்க வந்து உக்காந்து வேலை பாக்கறதா இருந்தாச் சொல்லுங்க. இல்லீன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோமுங்க."

அவர் போனபின் தேவிப்பிரியா பேசினாள். அவள் சொன்ன எதையும் சென்னியப்பன் மறுக்கவில்லை. இரைச்சலில்லாத வீட்டில் வரைந்த வரைபடங்களில் பிழை குறைந்தது. உடுமலைப் பக்கத்துக் கட்டடங்களை அவள் வீட்டிலிருந்து நேரே போய்ப் பார்த்ததால் அலைச்சல் மிச்சமானது. மாடியில் ஒரு தளத்தைக் காலி செய்ய முடிந்தது. பிள்ளை பெற்ற மைதிலி வேலையை விடாமல் நின்றதும் இதனால்தான்.

"அத்தனையும் நெசமுங்க, அம்மிணி. எனக்குத் தெரியாதா? ஆனா குழி வெட்டுனதும் நெசமாப் போச்சே."

"இனி எல்லா மாற்றத்தையும் கணினியிலேயே ஏத்திட்டா?"

"ஏத்தலாமுங்க. அங்கமுத்து ஊரெல்லாம் சொல்லி முடிச்சிருப்பாரு. அதை எதுல ஏத்தறது?"

அன்று மாலை, அலுவலகத்தில் நடந்ததை அவள் வீட்டில் சொன்னாள். பிரபாகர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை எங்கக்கா ஊட்டுல கொண்டுபோய் உட்ரு, தேவி."

"அக்காவுக்கு உங்களைப் புரட்டத் தெரியாதுங்க."

"பழகிக்குவாங்க. இல்லீன்னா நான் பழகிக்கறேன்."

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். விட்டால் மருந்துக்கும் வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். திருப்பூரில் வீடெடுத்தாலும், பகல் முழுதும் அவர் தனியே கிடக்க வேண்டும். அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள். அவர் முகம் சுவர்ப்பக்கம் போயிற்று. அப்படியே இருக்கட்டும் என்றார்.

இறுதியில் முடிவானது இது. அக்டோபர் முதல் நாளிலிருந்து திங்கள் முதல் சனி வரை அனைவரும் அலுவலகத்துக்கு வர வேண்டும். வீட்டிலிருந்து பார்க்கும் வேலை நிறுத்தப்பட்டது. அங்கமுத்துவின் கட்டடம் அதே அலுவலகத்தில் தொடரும். மைதிலி வேலையிலிருந்து விலகினாள். பிரபாகர் அமராவதி நகரில் தம் அக்காள் வீட்டில் இருப்பார். தேவிப்பிரியா திருப்பூரில் பெண்கள் விடுதியில் தங்கி, ஞாயிறுதோறும் போய் அவரைப் பார்த்து வருவாள்.