நம்ப முடியாத மனைவி

பதிப்பகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வந்து குவியும் கதைகளைப் படித்து, தேறுவது எது, தேறாதது எது என்று பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் வேண்டாம் என்றால் முதலாளி மறுபேச்சுப் பேச மாட்டார்.

அந்த முறை அவர் ஒரு பை நிறைய மாங்கா புத்தகங்களை அவள் மேசைமேல் கவிழ்த்தார். ஜப்பானியப் படக்கதைகள், ஆங்கிலத்தில் வந்த பதிப்புகள்.

"எல்லாம் பெரியவங்களுக்குன்னே எழுதினதாம். பொம்மை போட்ட புத்தகத்தை எந்தப் பெரியவர் வாங்குவார்னு எனக்குப் புரியல. நீங்க பார்த்துச் சொல்லுங்க. ஒண்ணு தேறினாலும் மொழிபெயர்த்துப் போடலாம்."

அவளுக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. முதல் புத்தகத்தை வழக்கம்போலத் திறந்து, செத்துப்போனவன் எழுந்து சாப்பிட உட்காருவதைப் பார்த்துக் குழம்பிய பிறகுதான், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று உறைத்தது. பெரியவர்களுக்கு என்றால் ரத்தமும் சதையும் போதும் என்று நினைத்து வரைந்தவை பாதிக்கு மேல். அவற்றை ஒதுக்கினாள். ஒன்று மட்டும் கையை விட்டு இறங்க மறுத்தது. மூன்று பாகம். வேலை போன நடுவயதுக்காரன் ஒருவன், வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போகிறான். அவ்வளவுதான் கதை. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவன் முதுகு பக்கம் பக்கமாக வந்தது, ஒரு பேச்சும் இல்லாமல். எழுத்தில் இருந்திருந்தால் இரண்டு வரியில் தாண்டிப் போயிருப்பாள். படமாக இருந்ததால் அவனோடு அவளும் உட்கார வேண்டியிருந்தது.

இருந்தாலும் சனிக்கிழமை புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது உதட்டைப் பிதுக்கினாள்.

"படம் பிரமாதம் சார். அந்தப் பொண்டாட்டிதான் இடிக்குது. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, மாசக்கணக்கா ஒண்ணும் தெரியாம இருப்பாளா? காதுல பூ சுத்தறாங்க."

"அப்போ வேண்டாம். விடுங்க," என்றார் முதலாளி.

முதல் பாகம் மட்டும் எப்படியோ வீட்டில் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, நம்பும்படி இல்லை என்று அவள் தள்ளிய கதை என்று தெரிந்தும், அவள் கணவர் அதை எடுத்துப் புரட்டினார். சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்ப்பவர், செய்தித்தாளைத் தவிர எதையும் தொடாதவர். கொஞ்ச நாளாகவே வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். வயசு, சர்க்கரை என்று அவள் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். நின்றபடி படிக்க ஆரம்பித்தவர் உட்கார்ந்தார். காபி ஆறிப்போனது.

"இது தப்பு," என்றார்.

"எது?"

"பார்க்ல போய் உக்கார மாட்டான். நடக்க வர்றவங்க ரெண்டாவது நாளே பேச்சுக் குடுப்பாங்க. ஆஸ்பத்திரிக்குத்தான் போவான். வெளிநோயாளிங்க காத்திருக்கிற கூடம். சாயங்காலம் வரைக்கும் இருந்தாலும் எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஃபேன் இருக்கு, தண்ணி இருக்கு. நர்ஸ் மாறும்போது மட்டும் எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிடணும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கத்தியும் நின்றது.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள்.

"மழைக்கு முன்னாடி."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் பணம் குடுத்தீங்களே?"

"வேலையை விட்டு அனுப்பும்போது கையில குடுத்தது. அதான் ஓடுது."

"ஏங்க, என்கிட்ட ஏன் சொல்லல?"

"முதல் நாள் வாய் வரல. அதுக்கப்புறம் ரெண்டு விஷயம் சொல்லணுமே. வேலை போனதையும் சொல்லணும், சொல்லாம இருந்ததையும் சொல்லணும்." சற்றுப் பொறுத்து, "நீ கட்டிக் குடுத்த சாப்பாட்டை ஒரு நாளும் மிச்சம் வச்சதில்ல," என்றார், அது ஏதோ ஆறுதல்போல.

அவர் சட்டையில் மருந்து வாடை அடிக்கிறது என்று அவள் துணி சோப்பை மாற்றியிருந்தாள். இரண்டு தடவை மாற்றியிருந்தாள்.

திங்கட்கிழமை முதலாளி முன்னால் போய் நின்றாள். "சார், அந்த மூணு பாகக் கதை. நான் சொன்னது தப்பு. அப்படி ஒரு மனைவி இருப்பா."

"ஏம்மா, சல்லடையே ஓட்டைன்னு சொன்னா நான் எங்க போவேன்?" என்று சிரித்தார். "வேண்டாம்னு அன்னைக்கே பதில் போயாச்சு. ஒரே நாள்ல எப்படி நம்பிக்கை வந்துச்சு?"

"இன்னொரு தடவை படிச்சேன் சார்," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

விஷயம் வெளியே வந்துவிட்டால் பாரம் குறையும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் அவருக்குக் கிளம்பவும் காரணம் இல்லாமல் போயிற்று. முதலில் ஷேவிங் நின்றது. பிறகு குளியல் மத்தியானத்துக்குத் தள்ளிப்போய், சில நாள் அதுவும் இல்லை. வேலைக்கு யாரிடமாவது சொல்லி வைக்கலாமா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பார்.

ஒரு மாலை அவள் வீடு திரும்பியபோது விளக்குப் போடாமல் நாற்காலியில் இருந்தார்.

"அந்தக் கதையில கடைசியா அவன் என்ன ஆனான்?"

மூன்றாம் பாகத்தில் ஒரு காலை அவன் வழக்கம்போலக் கிளம்புகிறான். திரும்பி வருவதில்லை. அதன்பின் வரும் பக்கங்களில் வெறும் தெரு மட்டும்தான்.

"வேற வேலை கிடைச்சிடுது," என்றாள்.

அவர் மெல்லத் தலையாட்டினார்.

"அப்போ நீ வேண்டாம்னு சொன்னது சரிதான்," என்றார்.