ஸ்பாஞ்சுக்கு மட்டும் பில் இல்லை

அண்ணனும் தம்பியும் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அவர்களைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவரும் வீட்டு முன்னறையில் பழைய சோபாக்களுக்குப் புது உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குவதும், வெட்டித் தைப்பதும் பெரியவள். ஆர்டர் பிடிப்பது, விலை பேசுவது, வருடக் கடைசியில் வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது சின்னவள்.

வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. போன வருடம் காட்டிய செலவுக்கெல்லாம் பில் கொண்டுவர வேண்டும், ஒரு மாதம் அவகாசம்.

"அக்கா, பில்லெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணு விடாம பத்திரமா வெச்சிருக்கேன்." ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையைப் பெரியவள் பெருமையாக எடுத்து நீட்டினாள்.

சின்னவள் பையைத் தரையில் கவிழ்த்தாள். அத்தனையும் கடை மெஷினில் அச்சடித்த வழுவழுப்பான பில்கள். வருடம் பூராவும் அடித்த வெயில் எழுத்தையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. வெள்ளை வெளேரென்று கிடந்தன.

"என்னக்கா இது, மொட்டைத் தாளா இருக்கு?"

"நான் வைக்கிறப்ப எழுத்து இருந்துச்சுடி!"

சின்னவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் விபரீதம் உறைத்தது. செலவை ஒப்புக்கொள்ளாவிட்டால் வரவு முழுவதையும் லாபமென்று கணக்குப் போட்டு வரி கேட்பார்கள். இன்னொரு தையல் மெஷின் வாங்க இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அப்படியே போய்விடும்.

பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் வெளியே போனவள், முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தாள். கையில் ஒரு வெற்று பில் புத்தகம். ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்தியிருந்தது.

"நம்ம ஸ்பாஞ்சுக்காரர் குடுத்தார். என்ன வேணுமோ நீங்களே எழுதிக்கோங்கன்னுட்டார். மகராசன்!"

வழியிலேயே உட்கார்ந்து நாலைந்து தாள் எழுதியும் விட்டிருந்தாள். சின்னவள் புரட்டிப் பார்த்தாள்.

"வருஷம் பூரா ஒரே பேனாவாக்கா?"

"அதுக்குத்தான் மூணு கலர்ல வாங்கியாந்திருக்கேன்."

சின்னவள் புத்தகத்தை மூடினாள். "துணி வாங்கினது நிஜம், மரம் வாங்கினது நிஜம். நிஜத்துக்கு எதுக்குக்கா பொய் பில்லு?"

"நிஜம்னு யாரு நம்புவா? இந்த வெள்ளைக் காகிதத்தப் பாத்தா?"

"நம்ப வைக்கிறேன். எனக்கு இந்த ஒரு மாசம் விடுங்க."

பெரியவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த அறையில் தையல் மெஷின் மட்டும்தான் பேசியது.

சின்னவள் வங்கியில் கணக்குத் தாளை வாங்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். துணிக்கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நல்லவள். தேதியைச் சொல்லச் சொல்ல நகல் எடுத்துக் கொடுத்தாள். மரக்கடை முதலாளி தலையே நிமிரவில்லை.

"போன வருஷ பில்லா? அதெல்லாம் யாரும்மா தேடுறது?"

"நீங்க வேலைய முடிங்க. நான் உக்காந்திருக்கேன்."

மறுநாளும் போய் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும்.

"உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?"

"இப்போதைக்கு இதாங்க என் வேலை."

அவர் தலையில் அடித்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். "தேதியாவது சொல்லு."

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். மரக்கடைக்குக் கொடுத்ததெல்லாம் ரொக்கம். வங்கித் தாளில் இல்லை. வீட்டுக்கு வந்து, வீம்பை விழுங்கிக்கொண்டு, பெரியவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, பல் டாக்டரம்மா சோபாவுக்குக் கட்டை எப்ப வாங்கினீங்க?"

மெஷின் நின்றது. "பச்சை சோபாதானே? உன் மக கைய ஒடிச்சுக்கிட்டாளே, அந்த வாரம். ஆஸ்பத்திரிக்குக் கட்டையத் தூக்கிக்கிட்டே ஓடி வந்தேன்." சொல்லிக்கொண்டே நூலை அறுத்துவிட்டு எழுந்தாள். "இரு, செருப்பு மாட்டிக்கிட்டு வரேன். மரக்கடை ஆளு வேற ஏதாவது கேட்டா நீ முழிப்பே."

அன்றிலிருந்து இருவருமாகப் போனார்கள். ஒருத்தி ஞாபகத்தைச் சொல்ல, இன்னொருத்தி தேதியாக்க, நகல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஸ்பாஞ்சுக்கு மட்டும் வழியில்லை. பில் போட்டால் விலை ஏறும் என்று சொல்லித்தான் அந்த மகராசன் வருடம் பூராவும் பில் போடாமலே விற்றிருந்தார். அவரிடம் நகலெடுக்க ஒன்றுமே இல்லை.

வரி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "ஸ்பாஞ்சு?"

பெரியவளின் கை தன் பையின் மேல் போனது. பில் புத்தகம் உள்ளே இருக்கிறது என்று சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதுக்கு பில் இல்லைங்க மேடம்" என்றாள் சின்னவள் சட்டென்று. "பில் இல்லாமத்தான் வாங்கினோம்."

"அப்ப அந்தச் செலவ ஒத்துக்க முடியாது."

"தெரியுங்க. மத்ததப் பாருங்க."

மற்றதெல்லாம் தேறியது. ஸ்பாஞ்சுக்கு வரியும் அபராதமும் கட்ட வேண்டி வந்தது. சேர்த்ததில் பாதிக்கு மேல் கரைந்தது. இந்த வருடம் மெஷின் இல்லை.

படியிறங்கும்போது பெரியவள் பொருமினாள். "நீ வாய மூடிட்டு இருந்திருந்தா நான் நீட்டியிருப்பேன். மெஷின் வந்திருக்கும்."

"வந்திருக்கும். எப்ப கதவத் தட்டுவாங்களோன்னு நடுங்கிக்கிட்டே தைப்பீங்க. தையல் கோணும்."

"என் தையல் எந்தக் காலத்துலடி கோணிச்சு?" என்று எகிறியவள், பாதி வழியில் சிரித்துவிட்டாள். தெருமுனைக் குப்பைத் தொட்டி வந்ததும் பில் புத்தகத்தை வெளியே எடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டாள். "அந்தப் பேனா மூணையும் உன் மகளுக்குக் குடுத்துடு."

அடுத்த ஆர்டருக்கு, பில் போடும் ஸ்பாஞ்சுக் கடை ஒன்றைத் தேடிப் போனார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும், விலையும் கூடுதல். கல்லாவை விட்டு நகர்வதற்கு முன்பே சின்னவள் பில்லைப் போனில் படம் பிடித்தாள். எந்த வீட்டுச் சோபாவுக்கு என்பதைப் பெரியவள் பக்கத்தில் நின்று சொன்னாள். திரும்பும்போது ஆளுயர ஸ்பாஞ்சுச் சுருளைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாதென்று கண்டக்டர் மறித்தார்.

"ஏன், இதுக்கும் ஒரு டிக்கெட் போடுங்க" என்றாள் பெரியவள், சுருளைக் கட்டிப்பிடித்தபடி. "சீட்டக் கையில குடுங்க. எங்களுக்குக் கணக்குக்கு வேணும்."