வனினாவின் திருட்டு மரபணு

ஆகஸ்ட் மாதத்தில் மார்செய் ஊரே கடற்கரையில் கிடக்கும். அப்போது ஆய்வகத்துக்கு வருகிறவர் பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது வனினாவாக இருக்க வேண்டும். நானும் கிளம்பத்தான் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் கால் எழவில்லை.

அவளுடைய சொத்து ஒரு ராட்சத வைரஸ். பழைய குதிரைத் தொட்டி ஒன்றின் பாசித் தண்ணீரில் பிடித்தது. அமீபாவுக்குள்தான் பெருகும். அமீபாவோ கண்ட பாக்டீரியாவையும் விழுங்குகிற ரகம். அந்த வயிற்று நெரிசலில், பாக்டீரியாவைக் கொல்லும் நஞ்சு செய்கிற மரபணு ஒன்றை யாரிடமிருந்தோ இந்த வைரஸ் அடித்துக்கொண்டு வந்திருந்தது. வனினா அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினாள். அதைப் படித்த பாரிஸ் ஆய்வாளர்கள் சிரித்தார்கள். மரபணு வைரஸுடையதே இல்லை, சோதனைக் குழாயில் கலந்த அழுக்குடையது என்றார்கள்.

வந்ததே கோபம்! ரோஷத்துக்குப் பேர்போன கோர்சிகாத் தீவுக்காரி அல்லவா. அன்றிலிருந்து பாக்டீரியாவே தொடாத அமீபாக்களில் மட்டும் அந்த வைரஸைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தாள். வருடக்கணக்கில். மரபணுவை மறுபடி காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்று காலையில் பரிசோதனை முடிவு வந்திருந்தது.

"மரபணு இல்ல, நசூர்."

"சரியாப் பாத்தியா?"

"கண்ணு எரியுற வரைக்கும் பாத்தேன். அந்த எடத்தையே காணோம்."

எதிரியே இல்லாத வீட்டில் ஆயுதம் எதற்கு? சும்மா எதற்குச் சுமப்பது என்று வைரஸ் அதைக் கழற்றிப் போட்டுவிட்டது.

"தேச்சுத் தேச்சுக் கழுவினியேடி, படுபாவி!" என்றேன். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஃப்ரீசர்ல வெச்ச பழைய வைரஸ் குழாய்?"

"போன வருஷ வெயில்ல ஃப்ரீசர் செத்தப்பவே போச்சு. நீதானே தொடச்ச?"

"அந்தத் தொட்டி?"

"இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வரேன். இடிச்சுட்டாங்க. மேல கார் நிக்குது."

"அப்ப உள்ளதைச் சொல்லு. சுத்தமா வளத்ததால வைரஸ் உதுத்துடுச்சுன்னு எழுது."

வனினா சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவங்க அழுக்குன்னாங்க. நான் கழுவினேன். கழுவினதும் போயிடுச்சு. படிக்கிறவன் என்னடா நெனைப்பான்?"

அவள் கையிலிருந்த வைரஸ் குடுவையை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்" என்றேன். ஆனால் அதைச் சொல்ல நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.