அண்ணனுக்கு வலிக்காத கால்

என் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

"வலிக்குதா?"

"சேச்சே! வெண்ணெய் மாதிரி உக்காருது குட்டி."

செயற்கைக்கால் செய்வது என் தொழில், முடி வெட்டுவது அவன் தொழில். விபத்தில் அவனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நான் செய்த காலை மாட்டிக்கொண்டு மறுநாள் கடை திறந்து, நாள் முழுக்க நிற்கப்போவதாக இருந்தான். தோல் கிழிந்தால் புண் ஆறும்வரை செயற்கைக்காலை மாட்டவே கூடாது. கடைக்கு மறுபடி பூட்டுதான்.

மிச்சமிருக்கும் கால் போய் உட்காரும் கிண்ணத்தை சாக்கெட் என்போம். உடம்புப் பாரத்தை முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் நாரும் கெண்டைச் சதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எலும்பு நுனி அடியில் முட்டக் கூடாது. அடியில் ஒரு களிமண் உருண்டையைப் போட்டு, "ரெண்டு சுத்து நட" என்றேன். ராஜா மாதிரி நடந்தான். கழற்றிப் பார்த்தால் உருண்டை நசுங்கிக் காசு மாதிரி கிடந்தது.

"இதுக்கு வலிக்கலையாம்!"

காலுறையை உருவினேன். ஒன்று போடச் சொன்ன இடத்தில் ஐந்து! நுனி செக்கச்செவேலென்று இருந்தது. கால் வற்றி, கிண்ணம் தொளதொளத்து, அத்தனை உறை போட்டு அடைத்தும் மொத்தப் பாரமும் நுனியில் இறங்கியிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணா மறைச்ச?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஏற்கெனவே ரெண்டு செஞ்சுட்ட. 'சொந்த அண்ணன்னா மூணாவதும் செய்வியோ'ன்னு உங்க மேனேஜர் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கத்தினாரே, நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன்."

என் மானத்துக்காகத் தன் காலைப் புண்ணாக்கிக்கொள்ளத் துணிந்த இந்த அசட்டை என்ன செய்வது?

"முதல் வருஷம் எல்லாருக்கும் கால் வத்தும்ணா. அவருக்கும் அது தெரியும். நீ வலிக்குதுன்னு சொன்னாத்தான் என் வேலை நடக்கும். சொல்லாம இருந்தாத்தான் எனக்கு அவமானம்."

மூன்றாவது சாக்கெட்டுக்கு மூன்று வாரம் ஆனது. மாட்டியதும், "இங்க குத்துது" என்றான். அந்த இடத்தில் என் லிப்ஸ்டிக்கால் புள்ளி வைத்து மறுபடி மாட்டச் சொன்னேன். கிண்ணத்தில் சிவப்பு ஒட்டிய இடத்தைத் தேய்த்துக் குழித்தேன்.

"இப்ப?"

"பரவால்ல. ஆனா பின்னாடி இறுக்குது. அப்புறம் இந்த ஓரம் வேற..."

"போதும்ணா, ஒவ்வொண்ணா சொல்லு!"

அவன் காதுகளைப் பார்த்தேன். சிவக்கவே இல்லை.