பதினேழாம் எண் பெண்மணியின் கை

1975ஆம் ஆண்டு மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, அப்போது மாஸ்கோவின் ஆட்சியில் இருந்த தாலின் நகரத்தின் கோப்லிப் பகுதியில் உள்ள கார்ட்டூன் ஸ்டூடியோவின் திரையில் எழுபத்திரண்டு பேர் கை தூக்க வேண்டிய இடத்தில் எழுபத்தொரு பேர்தான் தூக்கினார்கள். தூக்காதவள் நீலத் தலைத்துண்டு கட்டிய ஒரு பெண்மணி. உயரம் பதினொரு சென்டிமீட்டர். மையும் வர்ணமும் தவிர அவள் உடம்பில் வேறொன்றும் கிடையாது. கையைத் தொங்கவிட்டு, நேரே பார்த்தபடி நின்றாள். வெளியே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மீன் தொழிற்சாலையில் பொடிமீனைப் புகை போடும் வாடை வழக்கம்போல ஜன்னல் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

பத்து நிமிடப் படம் அது, மாஸ்கோ கேட்டு வாங்கியது. ஒரு கிராமத்து ஜனங்கள் கூடி, சதுப்பு நிலத்தை வற்றவைப்பது என்று ஒருமனதாக முடிவெடுக்கிறார்கள். அப்புறம் டிராக்டர் வருகிறது, பாட்டு வருகிறது, சூரியன் வருகிறது. முதலில் யாரும் பதறவில்லை. அந்தக் காலத்தில் உருவங்களைச் செல்லுலாய்ட் தாளில் அடுக்கடுக்காக வரைவோம்; உடம்பு ஒரு தாளில், கை இன்னொன்றில், வாய் மற்றொன்றில். தாளின் முன்பக்கம் மைக்கோடு, பின்பக்கம் வர்ணம். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேமராவுக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு படமாக எடுக்க வேண்டும். ஓர் அடுக்கை வைக்க மறந்தால் ஓர் அவயவம் போய்விடும். தலையில்லாத தபால்காரர் ஒருவர் நான்கு வினாடி நடந்து போய்க் கடிதம் கொடுத்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஸ்டூடியோவின் தலைவர் அல்பின் குக் அதற்கு முன்பு செங்கல் தொழிற்சாலையை நடத்தியவர். படத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் வம்பு எங்கிருந்து வந்தாலும் மூக்கில் வியர்த்துவிடும். கேமராக்காரன் உக்குவைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொம்பளையோட கை எங்கடா?"

"வச்சேன் தோழர். மூணாவது அடுக்குல வச்சேன். சத்தியமா வச்சேன்."

"வச்சது எங்க போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?"

உக்கு போய்ப் பார்த்துவிட்டு வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தான். கைகள் வரைந்த தாளில் எழுபத்தொரு கைகள் இருந்தன. வரைந்த உருவங்களுக்கெல்லாம் எண் உண்டு; அவளுடைய பதினேழாம் எண்ணுக்கு உரிய இடம் காலி. அந்தக் கை உடம்பு வரைந்த தாளுக்குப் போய், பெண்மணியின் தோளில் ஒட்டிக்கொண்டு, பாவாடையின் மடிப்போரம் சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் கை வரைந்து மறுபடி எடுத்தார்கள். அதுவும் இறங்கிவிட்டது. மூன்றாம் முறை பசை போட்டு ஒட்டினார்கள். அந்தப் பசையும் தாங்கவில்லை. அவளிருந்த பகுதியைக் குக் கத்தரிக்கச் சொன்னார். கத்தரித்த பிறகு அவள் கூட்டத்திலிருந்த மளிகைக்கடைக்காரருக்குப் பின்னால் நின்றாள், முன்பைவிடத் தெளிவாக.

கடைசியில் அவளைக் கழுவிவிட உத்தரவானது. இது தண்டனை அல்ல, எல்லோருக்கும் நடப்பதுதான். பணக்கார நாடுகளில் ஒரு தாளை ஒரு முறைதான் பயன்படுத்துவார்களாம். எங்களுக்குத் தாள் ரேஷனில் வந்தது. ஒரு படம் முடிந்ததும் அதிலிருந்த ஜனங்களையெல்லாம் வெந்நீரும் சலவைச் சோடாவும் கலந்த தொட்டியில் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, கொடியில் காயப்போட்டு, அதே தாளில் அடுத்த படத்து ஜனங்களை வரைவோம். ஒரே தாளில் முதலில் ஓநாய், அப்புறம் விண்வெளி வீரர், அப்புறம் முட்டைக்கோஸ். அந்த வாரம் கிராமத்து மக்கள் எழுபத்தொரு பேரும் முணுமுணுப்பில்லாமல் தண்ணீரோடு போனார்கள். தொட்டித் தண்ணீர் பழுப்பாகிக் கறுப்பானது. நீலத் தலைத்துண்டுக்காரி மட்டும் ஒவ்வொரு தாளிலும் குளித்த முகத்தோடு பளிச்சென்று நின்றாள்.

அவளை வரைந்து வர்ணம் கொடுத்தவள் ஹில்யா உய்போ. நாற்பத்தாறு வயது. ஸ்டூடியோ கொடுத்த ஒற்றை அறையில் தனியாக இருந்தவள். வர்ண அறையில் பதினொரு பெண்களில் அவள் கைதான் நிதானமான கை. எல்லோரையும் தோழர் என்று அழைக்க வேண்டிய காலத்தில், அந்த அறைப் பெண்கள் தாளில் நின்றவளை 'திருமதி பதினேழு' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். அதுவே ஒரு கொழுப்புதான்.

காலாண்டு முடிகிற அவசரத்தில் படம் அப்படியே மாஸ்கோ போயிற்று. மாஸ்கோவிலிருந்து ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது: மூன்றாவது நிமிடத்தில் கை தூக்காத குடிமகள் யார், அவருடைய ஆட்சேபம் என்ன? குக் ஹில்யாவைத் தன் அறைக்கு அழைத்தார். காபி கொடுத்தார். அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

"ஹில்யா, கையை வரைய மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. உலகத்துல மறக்காதவங்க யாரு? கொஞ்ச நாள் தரை கூட்டுவீங்க, அப்புறம் பழைய வேலைக்கே வந்துடலாம்."

"நான் மறக்கல தோழர். அந்தக் கையை வரைஞ்சேன். அஞ்சு விரலும் ஞாபகம் இருக்கு."

"அப்ப ஏன் தூக்கல?"

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும்."

"எழுதலைன்னா வேலை போயிடும். ரூமும் போயிடும். உங்க பணிப் புத்தகத்துல நான் எழுதப்போற வரியைப் பாத்தா, மீன் டப்பா அடைக்கக்கூட எவனும் சேத்துக்க மாட்டான். புரியுதா?"

"காபி நல்லா இருந்தது," என்று சொல்லிவிட்டு ஹில்யா எழுந்து போனாள்.

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. 1968 இலையுதிர் காலத்தில், மாஸ்கோவின் டாங்குகள் பிராகா நகரத்துக்குள் போன சமயம், ஹில்யாவின் பக்கத்து மேஜையில் மைக்கோடு போட்ட ஆஸ்தா லேபிக் அதைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாள். ஒரு கூட்டம் போட்டோம். ஆஸ்தாவை நீக்கலாமா என்று கேட்டதும் எல்லாக் கைகளும் மேலே போயின. ஆஸ்தா திரும்பிப் பார்த்தபோது ஹில்யாவின் கையும் மேலே இருந்தது. அன்றிலிருந்து ஆஸ்தா பக்கத்துத் தொழிற்சாலையில் பொடிமீனைத் தலை வால் மாற்றி டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே டிராமில்தான் வருவார்கள். ஏழு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது. ஆஸ்தா தன் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்வாள். ஹில்யா நின்றுகொண்டே வருவாள்.

மாஸ்கோவுக்கும் தாலினுக்கும் கடிதம் போவதும் வருவதுமாக நான்கு வருடம் ஓடியது. குக்குக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. பதில் எழுதிக்கொண்டிருக்கும்வரை எதையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தாள் தட்டுப்பாடு யாருக்காகவும் காத்திருக்காதே. திருமதி பதினேழு நின்ற தாள்களிலேயே அடுத்தடுத்த படங்களை வரைந்தோம். பல் விளக்கச் சொல்லும் படத்தில் கரடிக் குடும்பத்து ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றாள். நிலாவுக்குப் போன ராக்கெட்டில் இரண்டாம் இருக்கை அவளுடையது. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம் அது. மாலையில் குழந்தைகளுக்குப் போடும் ஐந்து நிமிடப் படத்துக்கு அப்பாக்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். படத்தில் யார் கை தட்டினாலும், கொடி அசைத்தாலும், வணக்கம் வைத்தாலும், அவள் கை தொங்கிக்கொண்டேதான் இருக்கும். வளைகுடாவுக்கு அக்கரையில், ஹெல்சின்கியில் எங்கள் அலைவரிசையைப் பிடித்துப் பார்க்கிறவர்கள்கூட, அந்த அம்மாளுக்குத் தோள் வலியா என்று விசாரித்து எழுதினார்கள். குக் அந்தக் கடிதத்தையும் கோப்பில் வைத்துப் பூட்டினார்.

1979 மார்ச்சில் மீன் தொழிற்சாலையில் ஒரு கூட்டம் நடந்தது. மே தினத்துக்கு முன் கூடுதலாக எண்பதாயிரம் டப்பா அடைப்பதாக உறுதிமொழி. எல்லோரும் கை தூக்க, ஒருத்தி மட்டும் தூக்கவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "டிவில அந்தம்மா நிக்கிறாங்களே, அவங்களை யாராவது கேட்டீங்களா?" என்றாளாம். அவள் ஆஸ்தா. அடுத்த வாரம் இன்னும் நான்கு பேர் தூக்கவில்லை. இதற்குப் பிறகு மாஸ்கோ கடிதம் எழுதவில்லை, தொலைபேசியில் பேசியது. ஹில்யா உய்போவை நீக்க வேண்டும், தாள்களை எரிக்க வேண்டும், தீர்மானம் ஒருமனதாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குத் திரையிடும் அறையில் கூடினோம். மொத்தம் நாற்பத்து மூன்று பேர். சம்பந்தப்பட்டவளுக்கு ஓட்டு இல்லை என்பதால் நாற்பத்திரண்டு. ஹில்யா முதல் வரிசையில், வர்ணக் கறை படிந்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சாட்சியப் பொருளாக ஒரு தாளைக் கொண்டுவந்து, தலைவர் மேஜையில் தண்ணீர்க் கூஜாமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் திருமதி பதினேழு எங்களைப் பார்த்தபடி நின்றாள். மீதித் தாள்கள் கொல்லையில் இரும்புப் பீப்பாய்க்குப் பக்கத்தில் அடுக்கித் தயாராக இருந்தன. குக் இருபது நிமிடம் பேசினார். பிறகு, "ஆதரிப்பவர்கள்?" என்றார்.

நாற்பத்திரண்டு கைகள் மேலே போயின. உக்கு தரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினான். வர்ண அறைப் பெண்கள் அழுதுகொண்டே தூக்கினார்கள். இதை எழுதுகிறவனின் கையும் அங்கே இருந்தது, மற்றவர்களுடையதைவிடத் தாழ்வாக இல்லை. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை. ஹில்யா திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது. குக் கோப்பின் நாடாவைக் கட்டத் தொடங்கினார். கட்டிக்கொண்டே, கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிற பழக்கத்தில், தலையை நிமிர்த்தாமல், "எதிர்ப்பவர்கள்?" என்றார்.

திருமதி பதினேழு கையைத் தூக்கினாள்.

அவசரமே இல்லாமல் தூக்கினாள். பாவாடை மடிப்பிலிருந்து கை கிளம்பி, தோளைத் தாண்டி, தலைத்துண்டுக்கு மேலே போய் நின்றது. நான்கு வருடத்துக்கு முன் ஹில்யா வரைந்த அதே கை, ஐந்து விரலும் விரித்தபடி. கூட்டக் குறிப்பு எழுதும் மெய்டா சால் பேனாவை மையில் தோய்த்தாள். பக்க எண் அச்சடித்து அரக்கு முத்திரை வைத்த குறிப்பேடு அது. ஒரு தாளைக்கூடக் கிழிக்க முடியாது. கண்ணால் பார்த்ததை எழுதுவதைத் தவிர வேறு எந்தப் பழக்கமும் மெய்டாவுக்குக் கிடையாது.

"எதிர்ப்பு ஒண்ணு," என்றாள்.

"மெய்டா, அது படம்!"

"யார் எதிர்க்கறீங்கன்னு கேட்டீங்க. அவங்க தூக்கினாங்க. எழுதிட்டேன்."

"அடிச்சுடுங்க."

"அடிச்சா பக்கத்துல காரணம் எழுதணும் தோழர். என்ன எழுதட்டும்? படம் கை தூக்கிச்சு, தலைவர் இறக்கச் சொன்னாருன்னு எழுதவா?"

குக் கூஜாவிலிருந்து தண்ணீர் குடிக்கப் போனார். கூஜாவை எடுத்தால் அவளையும் எடுக்க வேண்டும் என்பது புரிந்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஒருமனதாக என்று மாஸ்கோவுக்கு அனுப்ப வேண்டிய படிவம் ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. மறுபடி ஓட்டெடுப்பு என்று அறிவித்தார். அந்தத் தவறைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

"ஆதரிப்பவர்கள்?" இந்த முறை கைகள் ஒழுங்காக எழவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. என் கை முழங்காலில் இருந்தது. அது தானாக அங்கே தங்கவில்லை, நான்தான் அழுத்திப் பிடித்திருந்தேன். பத்தொன்பது. "எதிர்ப்பவர்கள்?" முதலில் உக்கு. "என்னைச் செங்கல் சுமக்க அனுப்புங்க, பரவாயில்ல," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தூக்கினான். அப்புறம் வர்ண அறை முழுவதும், அப்புறம் நாங்கள். மேஜைமேல் முதல் கை இன்னும் இறங்கவே இல்லை. மெய்டா எண்ணி எழுதினாள்: ஆதரவு பத்தொன்பது, எதிர்ப்பு இருபத்து நான்கு.

தகுதியுள்ளோர் நாற்பத்திரண்டு பேர், விழுந்த ஓட்டு நாற்பத்து மூன்று என்றால் எப்படி என்று மாஸ்கோ விளக்கம் கேட்டது. 'ஒருவர் வர்ணத்தால் ஆனவர்' என்று மெய்டா பதில் எழுதி முத்திரையிட்டு அனுப்பினாள். அதற்கு மறுபதில் வரவில்லை. கொல்லைப் பீப்பாயில் மழைத் தண்ணீர் தேங்கியது, தாள்கள் அலமாரிக்குத் திரும்பின. ஹில்யா தன் மேஜைக்குத் திரும்பினாள். ஓட்டெடுப்புக்கு மறுநாள் காலை டிராமில் ஆஸ்தா தன் பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஹில்யா உட்கார்ந்தாள். கோப்லியில் இறங்கும்போது ஆஸ்தா, "அந்தக் கை கொஞ்சம் பெருசுடி, உடம்புக்குப் பொருந்தல," என்றாள். "நீ கோடு போட்டிருந்தா பொருந்தியிருக்கும்," என்றாள் ஹில்யா. இருவரும் அழுதார்கள்.

குக் இரண்டு வருடத்தில் செங்கல்லுக்கே திரும்பிப் போனார். நாடு மாறியது, காசு மாறியது, மாஸ்கோ வெளிநாடு ஆனது. ஆஸ்தா தன் மேஜைக்கு வந்து ஆறு வருடம் கோடு போட்டாள். கம்ப்யூட்டர் வந்ததும் தொட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காபி இயந்திரம் வைத்தார்கள். செல்லுலாய்ட் தாளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1998இல் ஒரு தொலைபேசிக் கம்பெனி திருமதி பதினேழை விளம்பரத்துக்குக் கேட்டது. அவள் கையசைத்துச் சிரித்தால் போதுமாம். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆறு வாரம் முயன்றார்கள். கை அசையவில்லை. கம்பெனி ஒரு முயலை வைத்து எடுத்துக்கொண்டது.

ஹில்யா 2009இல் காலமானாள். இப்போது ஸ்டூடியோவில் பதினாறு பேர் இருக்கிறார்கள், ஓட்டு பதினேழு. கூட்டம் நடக்கும்போது அந்தத் தாளைச் சட்டத்தில் மாட்டி ஒரு நாற்காலியில் வைப்பார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. காபி இயந்திரம் எங்கே என்று கேட்கிறமாதிரி, அவங்க நாற்காலி எது என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆதரிப்பவர்களை எப்படி வேண்டுமானாலும் எண்ணலாம். எதிர்ப்பவர்கள் என்று கேட்கும்போது மட்டும், தலைமை வகிக்கிறவர் கோப்பை மூடிவைத்து, தலையை நிமிர்த்தி, அந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டு, பதில் வருகிறதா என்று கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அது குறிப்பேட்டில் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.