அறுபது மீட்டருக்கு இரண்டு பிறை

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. அண்டை நாடுகளின் கூட்டமைப்புகள் ஏன் ஜெயிக்கின்றன, ஏன் தோற்கின்றன என்று ஒரு கருத்தரங்குக்குப் பத்துப் பக்கம் கேட்டார்கள். நான் மொரோக்கோவின் எல்லை நகரமான வுஜ்தாவில் புவியியல் வாத்தியார். எனக்கு எதற்கு இந்த வம்பு? ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

முதல் வாக்கியம்: வட ஆப்பிரிக்க மக்ரிபின் ஐந்து நாடுகளும் மராக்கேஷில் கூடி ஒன்றியத்துக்குக் கையெழுத்திட்ட அந்தப் பொன்னாளில்—

(கொட்டாவி வருகிறது. நோன்பு வேறு. விடுங்கள்.)

2

வேறு தொடக்கம். கடலோர ஊரான சயீதியா போகும் சாலை ஓரிடத்தில் எல்லையை உரசும். இந்தப் பக்கம் மொரோக்கோ, அந்தப் பக்கம் அல்ஜீரியா, நடுவில் வாய்க்காலும் வேலிகளும். அறுபது மீட்டர் இருக்கலாம். எல்லையை மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சொந்தக்காரர்கள் இரு பக்கமும் காரை நிறுத்திக் கத்திப் பேசுவார்கள்.

எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணப் போயிருந்தேன். கட்டுரைக்குப் புள்ளிவிவரம் வேண்டாமா? எதிர்க்கரையில் புது அங்கி போட்ட ஒருவர் கையாட்டினார்.

"யோவ்! தையக்கார சுலைக்கா எங்கய்யா?"

சுலைக்கா என் அடுத்த வீடு. நாற்பது வயதில் மீன்காரர் மிலூதைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். கையாட்டியவர் அவள் அண்ணன் ஹூவாரி, அந்தப் பக்கத்து ஓரான் நகரத்துக்காரர். அவர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை, அவளுக்குத் தேவை. "பெருநாள் அன்னிக்கு நாலு மணிக்கு வேலிகிட்ட வர்றேன், முகத்தைப் பாத்துத்தான் சொல்லுவேன்" என்றிருந்தார். எந்த நாட்டுப் பெருநாள் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கரையில் முந்தின நாளே பிறை தெரிந்துவிட்டது. எங்கள் கரையில் தெரியவில்லை. அவருக்குப் பெருநாள், எங்களுக்கு முப்பதாவது நோன்பு.

(அடிக்குறிப்பு: அடிக்கடி நடப்பதுதான். நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.)

3

காரை விரட்டிப்போய் அவளைக் கூட்டிவந்தேன். கையெல்லாம் மாவு.

"ரெண்டு மணி நேரமா நிக்கிறேன்டி!"

"போன் பண்ண வேண்டியதுதானே அண்ணே?"

"போன்ல சம்மதம் சொல்ல நான் என்ன கம்பெனிக்காரனா? பெருநாளும் அதுவுமா நீ வரல!"

"எங்களுக்கு நாளைக்குத்தான் அண்ணே!"

"வாய்க்காலைத் தாண்ட பிறைக்கும் விசா கேட்டாங்களா?"

இரு கரையும் சிரித்தது. எங்கள் எல்லைக் காவலர்கூடத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கினார். ஹூவாரி ஒரு மக்ரூத் பலகாரத்தை எடுத்து, பேரீச்சை தெரியக் கடித்துக் காட்டினார்.

"நோன்பாளி முன்னாடி திங்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"பெருநாள்ல நோன்பு வெக்கிறவளுக்குத்தான் வெக்கம் இல்ல!"

"உங்க பிறைதான் அவசரப் பிறை!"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப உங்க பிறை கிட்டயே சம்மதம் வாங்கிக்க." கார்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணே! நாளைக்கு நாலு மணிக்கு நிப்பேன், அண்ணே!"

கார் போய்விட்டது. சுலைக்கா மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். எனக்கு அந்த ஆளைத் தூக்கி வாய்க்காலில் போடலாம் போலிருந்தது.

4

முடிவு அ: அவர் வரவில்லை. அவள் கல்யாணத்தை நிறுத்திவிட்டாள். (அடித்துவிட்டேன். மிலூத் என்ன பாவம் செய்தார்?)

முடிவு ஆ: இரு அரசுகளும் மனமிரங்கி எல்லையைத் திற— (நீங்களே சிரிக்கிறீர்கள்.)

கட்டுரைக்கு மட்டும் பதில் கிடைத்துவிட்டது. ஒன்றியத்தில் எல்லோருமே சரியான நாளில்தான் வருகிறார்கள், அவரவர் நாட்காட்டிப்படி. யாராவது ஒருவர் அடுத்தவர் நாட்காட்டிப்படி இன்னொரு தடவை வந்தால் கூட்டமைப்பு பிழைக்கும். ஓரானிலிருந்து இங்கே மூன்று மணி நேரம். அவ்வளவுதான் என் ஆய்வு. பத்துப் பக்கம் வராது.

5

இந்தக் கடைசிப் பகுதியை எழுதுவது மறுநாள், எங்கள் பெருநாளன்று, அதே கம்பிவேலியருகே. மணி நாலு. சுலைக்கா தானே தைத்த பட்டுச் சட்டையில் நிற்கிறாள். பக்கத்தில் மிலூத், மூன்று முறை சோப்புப் போட்டும் மீன் வாசனையோடு. நான்கு ஐந்து. நான்கு பத்து. காவலர் வேறெங்கோ பார்ப்பது மாதிரி எதிர்க்கரைச் சாலையையே பார்க்கிறார்.

வளைவில் ஒரு வெள்ளைக் கார். நேற்றையதும் வெள்ளைதான், ஆனால் அங்கே பாதிக் கார் வெள்ளை. வேகம் குறைகிற மாதிரி இருக்கிறது. சுலைக்கா துஆ கேட்கக் கையேந்திவிட்டாள். மிலூதும், கம்பியோரம் நிற்கிற முன்பின் தெரியாதவர்களும் ஏந்திவிட்டார்கள்.

கார் நின்றதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நானும் கையேந்த வேண்டும், பேனாவைக் கீழே வைக்கிறேன்.