மீன்தொட்டிச் செருப்பு

ராஜகீழ்ப்பாக்கத்தில் அக்தரின் வீட்டுக்குள் செருப்புக் காலோடு யாரும் நுழைந்துவிட முடியாது. வாசலிலேயே நிறுத்திவிடுவான். ஆனால் ஹாலில், மீன்தொட்டிக்கு முன்னால் மட்டும் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். வெறுங்காலோடு நின்று தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் சுரீரென்று ஷாக் அடித்தது. செருப்புப் போட்டுக்கொண்டு வைத்தால் அடிக்கவில்லை. அதற்கு மேல் யோசிக்க அந்த மனுஷனுக்கு ஒன்றுமில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தான்.

அந்தச் செருப்பைப் பார்த்தாலே அவன் மனைவி ஷபீனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொட்டியை விற்றவன் கூடவே ஒரு ஹீட்டரையும் தலையில் கட்டியிருந்தான். மே மாதத்தில் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகிற ஊரில் மீனுக்குக் குளிராம்! ஜங்ஷன் பக்கம் மெத்தைக் கடை வைத்து, வருகிறவனிடமெல்லாம் பஞ்சைப் பற்றி வாய் கூசாமல் அளந்துவிடுகிற அக்தர், இன்னொரு கடைக்காரன் அளந்ததை அப்படியே நம்பிவிட்டான். ஹீட்டரின் மூன்று பின் பிளக், வீட்டிலிருந்த இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் போகவில்லை. எர்த் பின்னைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி எறிந்தான். "அது சும்மா டம்மிடி" என்று விளக்கம் வேறு.

அதைவிடப் பெரிய கூத்து ட்ரிப்பர் விவகாரம். கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து வீட்டையே அணைத்துவிடுகிற அந்தப் பெட்டி, அவன் தண்ணீரில் கை வைத்த போதெல்லாம் டப்பென்று விழுந்தது. கிரிக்கெட் நடுவில் டிவி போய்விடுகிறதே என்று கடுப்பாகி, எலக்ட்ரீஷியனை நச்சரித்து அதைக் கழற்றச் சொல்லி ஒயரை நேராக இணைத்துக்கொண்டான். வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஆளை அனுப்பியாயிற்று. அதற்கப்புறம் வந்ததுதான் செருப்பு.

"ஹீட்டர்ல எங்கயோ விரிசல் இருக்குங்க, கழட்டிப் போடுங்க" என்று ஷபீனா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

"மீன் உயிரோடதானே கீது? கரண்ட் வந்தா மொதல்ல அதானே சாவணும்?" என்பான். இந்த அறிவாளிக் கேள்வியை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் கேட்டு மார்தட்டிக்கொண்டான். மீன் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது, தரையில் நின்று கை விடுகிற நாம்தானே கரண்ட்டுக்கு வழி என்று அவள் சொன்னதை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவன் கை எக்கேடு கெட்டாலும் போகட்டும். மூன்று வயது மகள் சோயாவை நினைத்துத்தான் ஷபீனாவுக்குப் பயம். அந்தப் பிள்ளைக்கு மீன் என்றால் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்திலிருந்து ஷபீனாவின் தம்பி ஆசிப் சாப்பிட வந்திருந்தான். பிரியாணிச் சட்டியைக் கழுவப் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்தாள் ஷபீனா. அத்தாவின் செருப்புக்குள் குட்டிக் கால்களை நுழைத்துக்கொண்டு, தொட்டியின் இரும்பு ஸ்டாண்டில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையைத் தண்ணீருக்கு நீட்டிக்கொண்டிருந்தாள் சோயா. ஒரு செருப்பு ஏற்கனவே கழன்று விழுந்திருந்தது.

சோபாவில் சாய்ந்திருந்த அக்தர் பெருமை பொங்க மைத்துனனிடம் சொன்னான்: "பாத்தியா மச்சான், செருப்பு மாட்டிக்கினுதான் போகும். நான் பழக்கி வச்சிருக்கேன்."

ஷபீனா கத்தவில்லை. கத்தினால் பிள்ளை திடுக்கிட்டுக் கையை உள்ளே விட்டுவிடும். ஓடிப்போய் ஹால் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். ஃபேன் நின்றது, டிவி அணைந்தது.

"இன்னா பேஜார் இது! லாஸ்ட் ஓவர்டி!" என்று அக்தர் எகிறினான்.

அவள் சோயாவைத் தூக்கி ஆசிப்பின் மடியில் போட்டாள். திரும்பப் போய் மெயினை ஏற்றினாள். ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. கையை மெயினிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"ஏங்க, வாங்க. இப்ப நீங்க கைய விடுங்க. செருப்பில்லாம. ஒரு கையால ஸ்டாண்டப் புடிச்சுக்கினு, உங்க மக நின்ன மாதிரியே."

"லூசு மாதிரி பேசாத."

"மச்சான், ஒண்ணும் ஆவாதுன்னுதானே இவ்ளோ நேரம் சொல்லிக்கினு இருந்தீங்க?" என்றான் ஆசிப். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

மைத்துனன் முன்னால் பின்வாங்க அக்தருக்கு ரோஷம் விடவில்லை. எழுந்து வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டான். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அவன் கை நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. மீன்கள் இரைதான் வருகிறது என்று மேலே வந்து வாயைத் திறந்து மூடின.

அக்தர் யாரையும் பார்க்கவில்லை. அவனுடைய வலது கால் மட்டும் டைல்ஸில் நகர்ந்து நகர்ந்து அந்த நீலச் செருப்பைத் துழாவியது.

"இன்னாங்க தேடுறீங்க?" என்றாள் ஷபீனா. "மீன் உயிரோடதானே கீது?"

அவள் மெயினை இறக்கினாள். ஹீட்டரை ஒயரோடு உருவியெடுத்து, அந்தச் செருப்பையும் சேர்த்து வாசலுக்கு வெளியே வீசினாள்.